வடித்த தண்ணீர்

"அப்பாவை அடுப்புப் பக்கம் மட்டும் விட்டுடாதே."

"அவரே வந்து கேட்டா?"

"கேக்கமாட்டாரு. யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழக்கமில்ல எங்கப்பாவுக்கு. போயும் போயும் உன்கிட்டயா வந்து கேக்கப்போறாரு?"

ரயில் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டு மனைவி இதைச் சொன்னபோது மருமகன் சிரித்துவிட்டான். காலையில் கோஸை நறுக்கி அடுப்பில் ஏற்றும்போதெல்லாம் அந்தப் பேச்சு ஞாபகம் வரும். சிரிப்புதான் வருவதில்லை.

அவளுக்கு ரயில் நிலையத்தில் வேலை. சிக்னல் கட்டுப்பாட்டு அறைக்குப் போவதற்கான பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியூரில் தங்கிப் படிக்கவேண்டும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுபடி கூப்பிடமாட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னாலேயே தலை நரைத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. சரியாக அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவுக்குக் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டன என்றார் டாக்டர். மாத்திரையோடு சாப்பாட்டிலும் கவனமாக இருந்தால் இப்படியே ஓட்டலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் மட்டும் விளையாட்டில்லை, இதயத் துடிப்பே தடுமாறிவிடும். அப்புறம் டயாலிசிஸ்தான்.

பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் அடுக்கிய பெட்டியைப் பிரித்தாள். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று பெட்டியைத் திரும்ப மூடியது மருமகன்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த பெரிய வார்த்தை அது.

மாமனாருக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர், மாஸ்டர். பெரிய தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். அவருடைய சமையலறைக்குள் மேனேஜர்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாராம். கொதிக்கிற அண்டாவை மூடியைத் திறக்காமல், பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே பதம் சொல்வாராம். இதையெல்லாம் மருமகனிடம் அவர் சொன்னதில்லை. மகள் சொல்லித்தான் தெரியும். மாஸ்டர் மருமகனிடம் எதையுமே சொன்னதில்லை.

காரணம் உப்பு. மகள் தான் விரும்பிய பையனை முதல்முறையாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மாஸ்டர் விடியற்காலையிலிருந்து சமைத்தார். பையன் வந்து உட்கார்ந்தான். தட்டில் பரிமாறினார்கள். அவன் பதற்றத்தில், ஒரு வாய்கூட எடுத்து வைப்பதற்கு முன்னால், எதிரில் இருந்த உப்பு டப்பாவை எடுத்து எல்லாவற்றின் மேலும் தூவினான். மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவனின் பழக்கம், அவ்வளவுதான். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். கல்யாணத்துக்கு வந்தார், போட்டோவில் நின்றார், பேச்சு மட்டும் அன்றோடு சரி.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது கஷ்டம் என்று யார் சொன்னது? மாஸ்டர் டி.வி.யிடம் பேசினார், சுவர்க் கடிகாரத்திடம் பேசினார். அவருடைய அறை சமையலறையை ஒட்டி இருந்தது. கதவை எப்போதும் ஒரு சாண் திறந்து வைத்திருப்பார். மருமகன் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தால், "பக்கத்து வீட்ல விறகு வெட்றாங்க போலிருக்கு" என்று கடிகாரத்துக்குச் செய்தி போகும். தட்டில் சோறும் வேகவைத்த காயும் போய் இறங்கினால், "ஜெயில்ல கூட இதைவிட நல்லாப் போடுவானாம்" என்று டி.வி.க்குத் தகவல் போகும். மருமகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அதனால் அவனுக்கு லிஃப்ட்டு என்று பெயர். அந்தப் பெயரையும் நேரே சொல்வதில்லை. "லிஃப்ட்டுக்கு மேல போகத் தெரியும், கீழ போகத் தெரியும். நடுவுல ஒரு கத்திரிக்காயைக் குடுத்தா என்ன தெரியும்?" என்று மகளிடம் போனில், அடுத்த அறைக்குக் கேட்கும்படி கேட்பார்.

மருமகனும் லேசுப்பட்டவன் இல்லை. மனைவியின் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உங்கப்பா இன்றைக்கும் தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டார், பசி எடுத்தால் தானாகச் சாப்பிடுவார் என்று சத்தமாகச் சொல்வான். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு அவள், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி லைன்மேனா?" என்று அலுத்துக்கொள்வாள்.

காய்களைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுத்தது ஆஸ்பத்திரியில் இருக்கும் உணவு ஆலோசகர் அம்மா. தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, பூசணி, பீட்ரூட், காளான் எல்லாம் தள்ளி வைக்கவேண்டியவை. கோஸ், குடைமிளகாய், வெள்ளரி, சுரைக்காய், பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி போன்றவை அளவோடு. அதையும் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். காயிலிருக்கும் பொட்டாசியம் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடும் என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். நோயாளி எங்கே என்று கேட்டார். நோயாளி வராந்தாவில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு நாற்காலிதான் இருந்தது. மருமகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவதற்கு அவருக்கு இஷ்டமில்லை. நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் அந்த அம்மா. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், எதைச் செய்யவேண்டும் என்பதை மனைவியிடம் சொன்னான், மனைவி அப்பாவிடம் சொன்னாள். எதற்காக என்பது நடுவழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

ஆனால் அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் இருவருக்கும் நடுவில் முதன்முதலாக ஒரு சமாதானம் வந்ததாக மருமகன் நினைத்தான். ஆரம்பத்தில் அவன் கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் வடித்தான். "பிளாஸ்டிக் குழாய். கொதி தண்ணி ஊத்தினா இளகி ஒருநாள் கீழ் வீட்டுக்காரன் தலையில சொட்டும்" என்று கடிகாரத்துக்குச் சொல்லப்பட்டது. நியாயமாகப் பட்டது. அதிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தில் வடித்து, ஆறட்டும் என்று மேடையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மறுநாளும் அப்படியே. அவன் மனைவியிடம் ரகசியமாக, உங்கப்பா தண்ணியைக் கொட்டிப் பாத்திரமும் கழுவி வைக்கிறாரு, வாயாலதான் திட்டறாரு என்றான்.  பாத்தியா, எங்கப்பா மனசு உனக்குத் தெரியாது என்றாள்.

சனிக்கிழமைகளில் மட்டும் இருவரும் சேர்ந்து காய்கறிச் சந்தைக்குப் போனார்கள். சேர்ந்து என்றால், மாஸ்டர் முன்னால் நடப்பார், மருமகன் பின்னால் பையோடு நடப்பான். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ யாரையோ பின்தொடர்கிறார்கள் என்று சந்தேகப்படுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே குந்தி உட்கார்ந்திருந்த காய்க்காரம்மாவிடம் மருமகன் ஒரு கோஸை எடுத்துப் பையில் போட்டான். மாஸ்டர் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தார், எடை பார்ப்பதுபோல் கையில் ஒரு தட்டு தட்டினார், குவியலில் திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்துக் காம்பைப் பார்த்து, இலையை அழுத்திப் பார்த்து, பையில் போட்டார்.

"அது நல்லாத்தானே இருந்துச்சு சார்?" என்றாள் காய்க்காரம்மா.

"நல்லா இருந்துச்சு, விளையாடறதுக்கு" என்றார் மாஸ்டர்.

பீன்ஸை ஒன்று உடைத்துப் பார்த்தார். சுரைக்காயில் நகத்தை வைத்தார், நகம் இறங்கியதும் முகம் கொஞ்சம் இளகியது. அந்த விரல்கள் அடுத்து, கூடையில் சிவந்து கிடந்த தக்காளிப் பக்கம் தாமாகவே போயின. நான்கைந்தைப் பொறுக்கிப் பையில் போட்டார். மருமகன் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தான். மாஸ்டர் மறுபடி ஒன்றைப் போட்டார். அவன் மறுபடி எடுத்தான். தக்காளி நசுங்கி அவன் உள்ளங்கையில் வழிந்தது.

"ஏம்மா," என்றார் மாஸ்டர் காய்க்காரம்மாவிடம், "சாகப்போறவனுக்குத் தூக்குல போடறதுக்கு முன்னாடிகூட என்ன வேணும்னு கேப்பாங்களாமே. நிஜமா?"

காய்க்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமனாரும் மருமகனுமா?" என்றாள்.

"இல்ல. இவரு என் பொண்ணு வீட்டுக்காரர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகனுக்குக் காது சிவந்தது. வழி முழுவதும் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். இவரை உயிரோடு வைத்திருப்பதற்கு இவரே விரோதி என்று தோன்றியது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது.

டாக்டர் முடிவைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், அப்புறம் மருமகனைப் பார்த்தார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறது, ஆகவே சாப்பாட்டில்தான் ஏதோ நடக்கிறது என்றார். மாத்திரையில் ஒன்றைக் கூட்டி எழுதினார். வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் அட்மிட் செய்துவிட வேண்டியதுதான், மகளை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். வராந்தாவில் நடக்கும்போது மாஸ்டர் யாரிடமும் இல்லாமல், "பொறுப்பை ஒருத்தர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும்" என்றார்.

மனைவி போனில் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"என்னத்தைப் போட்றே நீ அவருக்கு? சொல்லு. பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு பெட்டிய மூடினியே, இதான் பாத்துக்கற லட்சணமா?"

சத்தியமாக எல்லாவற்றையும் சொன்னபடியே செய்கிறேன் என்றான். அவள் நம்பவில்லை. வெங்காயம் என்று நினைத்து வேறெதையாவது போடுகிறாயா, வேலை அவசரத்தில் வடிக்காமல் விட்டுவிடுகிறாயா என்று குறுக்கு விசாரணை செய்தாள். விடுதி வார்டனிடம் சொல்லிவிட்டு நாளைக்கே கிளம்புகிறேன் என்றாள். கெஞ்சி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு என்று அவகாசம் வாங்கினான். "வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். வழக்கமாக வைப்பதற்கு முன்னால் சொல்லும் இரண்டு வார்த்தை அன்றைக்கு வரவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. கிழவர் எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்கிறார். மறுநாள் காலை மாஸ்டர் நடக்கப் போன நேரம் பார்த்து அவருடைய அறைக்குள் போனான். கட்டிலுக்குக் கீழே பார்த்தான். அலமாரியில் மடித்த சட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். தக்காளி இல்லை, வாழைப்பழம் இல்லை. கேன்டீன் நாளில் கட்டிய வெள்ளைத் தலைத்துணி ஒன்று, இஸ்திரி போட்டு, தனியாக இருந்தது. அதை அவன் கையில் எடுத்த நேரம் வாசலில் மாஸ்டர் நின்றார்.

"எந்த லிஃப்ட் நின்னுபோச்சு என் அலமாரிக்குள்ள?"

அவனைப் பார்த்து அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. அவன் தலைத்துணியை வைத்துவிட்டு, அவரை உரசாமல் வெளியே வந்தான். அன்று பகல் முழுவதும் அந்த அறைக் கதவு, ஒரு சாண்கூடத் திறக்காமல், உள்தாழ் போட்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை, நல்லவேளை. மாடிக்கு மாடி கதவைத் திறக்கும் சாவி தேவைப்பட்டது. தேடினால், அது வீட்டில், நேற்றுப் போட்ட சட்டைப் பையில். காவலாளியின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு மருமகன் பைக்கைத் திருப்பினான். பதினொரு மணி வெயிலில் படியேறி, சத்தமில்லாமல் பூட்டைத் திறந்தான்.

சமையலறையில் மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் காலையில் அவன் வடித்து வைத்துவிட்டுப் போன பாத்திரம். மேலே மெல்லிய துணி விரித்து, தண்ணீரை நிதானமாக ஒரு பெரிய டம்ளரில் வடிகட்டிக்கொண்டிருந்தார். மிளகை இரண்டு விரலால் நசுக்கி மேலே தூவினார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கேன்டீனில் முதல் கரண்டியை ருசி பார்க்கும் தலைமைச் சமையல்காரராக, ஒரு வாய் உறிஞ்சினார்.

"மாமா."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். பயப்படவில்லை. எரிச்சலாகத்தான் பார்த்தார்.

"அடுப்பைத் தொடல. பொண்ணுகிட்ட குடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் இருக்கு. போய் போன் பண்ணிச் சொல்லணும்னா சொல்லு."

"தினமும் இதைக் குடிக்கிறீங்களா?"

"நீ கொட்டச் சொல்ற தண்ணிதானே. காயில இருக்கற ருசி, வாசனை எல்லாத்தையும் வேணும்னே இறக்கிட்டு, சக்கையைக் கொண்டுவந்து என் தட்டுல போடற. பழிவாங்கறியாம். இருக்கட்டும். சட்டி கழுவின தண்ணியைக்கூட நான் வீணாக்கினவன் இல்ல. என் கேன்டீன்ல காய் வெந்த தண்ணிய ஒருத்தன் கொட்டினான்னா அன்னிக்கே அவனுக்குக் கணக்குத் தீத்துடுவேன்."

மருமகனுக்கு, இத்தனை நாள் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரம் கண்முன் வந்தது. அதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டிருந்தான். மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். அதை நினைத்ததும்தான் கோபம் தலைக்கு ஏறியது.

"நீங்க எதைச் சாப்பிடக்கூடாதோ, அது மொத்தமும் அந்தத் தண்ணியிலதான் மாமா இருக்கு. அது இறங்கணும்னுதான் வேகவைக்கிறதே. அதைக் குடிக்கிறதும் வடிக்காத காயைச் சாப்பிடறதும் ஒண்ணுதான்."

"யாரு சொன்னது?"

"ஆஸ்பத்திரியில அந்தம்மா. நீங்க உள்ள வந்து உக்காந்திருந்தா உங்க காதுலயும் விழுந்திருக்கும். என் பக்கத்துல உக்கார உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சு, வெளியவே இருந்துட்டீங்க."

"நீ வந்து சொல்லியிருக்கணும்."

"யார்கிட்ட? கடிகாரத்துகிட்டயா?"

 மருமகன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பல மாதம் வாயில் அடக்கி வைத்திருந்தது அவனை விடவில்லை.

"தெரிஞ்சே குடிச்சிருக்கீங்க. உங்களுக்கு ஏறினா அவ வருவா. வந்தா நான் கையாலாகாதவன்னு ஆகும். அதானே வேணும் உங்களுக்கு? உங்க பொண்ணு அந்த ஜன்னலுக்குப் பின்னாலயே கெடக்கட்டும், இவன் மூக்கு உடைஞ்சா போதும்."

 மாஸ்டர் எழுந்திருக்க முயன்றார். வீங்கிய கால் ஒத்துழைக்கவில்லை. மருமகன் கையை நீட்டினான். அவர் அதைப் பிடிக்கவில்லை. மேடையைப் பிடித்து, மூச்சு வாங்க, தானாகவே எழுந்தார். டம்ளரை சிங்க்கில் கவிழ்த்தார். பாத்திரத்தில் மிச்சமிருந்ததையும் கவிழ்த்தார்.

"அவ ஸ்கூல்ல மெடல் வாங்கினப்பகூட நான் கேன்டீனை விட்டுப் போனதில்ல. இந்த ட்ரெயினுக்கு நான்தான் பொட்டி தூக்கிட்டுப் போய் ஏத்திவிடறேன்னு சொன்னேன், கால் வரல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "அவ படிப்பைக் கெடுக்க நான் வெஷம் குடிப்பேன்னு நெனச்சே பாரு. நல்லா இருடா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருமகன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் போன் அடித்தது. மனைவி. இடைவேளையில் கூப்பிடுகிறாள். ஏதாவது கண்டுபிடித்தாயா என்றாள். ஆமாம் என்றான். சொல்வதற்கு எல்லாம் அவன் கையில் இருந்தது. ஒரே வரியில் சொல்லிவிட்டால் அவன் நிரபராதி, மாஸ்டர் குற்றவாளி. ஆனால் சொன்னால் அவள் என்ன செய்வாள் என்றும் தெரியும். அப்பாவைத் தனியே விடவே முடியாது என்று அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

"என் மேலதான் தப்பு. வேகவெச்ச தண்ணிய நான் சரியா கொட்டல. கொஞ்சம் காயிலயே தங்கிடுச்சு போல. இனிமே அப்படி ஆகாது" என்றான்.

அடுத்த சில நிமிடம் அவள் பேசினாள், அவன் போனைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டு கேட்டான். லிஃப்டில் ஒரு திருகை விட்டுவிட்டு வந்தால் ஆள் செத்துப்போவான் இல்லையா, இது மட்டும் உனக்கு விளையாட்டாப் போச்சா என்று கேட்டாள். போனை வைத்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரல. காயில தண்ணி தங்கிடுச்சாம்."

அந்த வாரம் வீட்டில் போர் நிற்கவில்லை. மருமகன் காலையில் வடித்த தண்ணீரைக் குழாய்த் தண்ணீர் கலந்து ஆற்றித் தானே கொட்டிவிட்டு, காலிப் பாத்திரத்தை மாஸ்டரின் கதவுக்கு எதிரே, வேண்டுமென்றே டங்கென்று சத்தம் வரும்படி கவிழ்த்துவிட்டுப் போனான். அறைக்குள்ளிருந்து "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று பதில் வந்தது. தட்டில் வைத்ததை மாஸ்டர் முழுவதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு நாளும், இன்றைக்குக் கோஸ் எந்தப் பாவம் செய்தது என்று டி.வி.யைக் கேட்டார். இரண்டு பேரும் வெள்ளிக்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் இருவருக்குமே தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மாஸ்டர் வராந்தாவில் உட்காரவில்லை. டாக்டர் அறைக்குள் வந்து, மருமகனுக்குப் பக்கத்து நாற்காலியில், அவனுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார். பொட்டாசியம் இறங்கியிருந்தது. இப்படியே போனால் போதும் என்றார் டாக்டர். மாஸ்டர் முதன்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். வடிக்காமல் வதக்கினால் என்ன ஆகும்? டாக்டர் விளக்கினார். மாஸ்டர் இன்னொன்று கேட்டார். வடித்த பிறகு பூண்டும் மிளகும் எலுமிச்சைச் சாறும் போட்டுத் தாளித்தால்? உப்பு இல்லாமல் எதுவானாலும் கொஞ்சமாகப் போடலாம் என்றார் டாக்டர். மருமகன் மாஸ்டருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவிக்குச் செய்தி சொன்னதும் அவள் பொட்டாசியம் அளவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம், ரொம்பத் திட்டிட்டேனா என்றாள். பரவாயில்லை, அந்தச் சாக்கில தண்ணி வடிக்கிற தொழில் ரகசியம் கத்துக்கிட்டேன் என்றான். சிரித்தாள். வைப்பதற்கு முன்னால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள்.

திரும்பும் வழியில் சந்தைக்குள் புகுந்தார்கள். காய்க்காரம்மா பார்த்ததுமே ஆரம்பித்தாள்.

"என்ன சார், இன்னிக்கும் பொண்ணு வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"அவருதான் என்னைக் கூட்டிட்டு வந்தாரு" என்றார் மாஸ்டர்.

குடைமிளகாயைத் தூக்கிப் பார்த்துத் தட்டிக் கொடுத்தார், பிஞ்சு கத்திரிக்காயாகப் பொறுக்கினார். தக்காளிக் கூடையைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார். தொடவில்லை. மருமகன் பையின் வாயை அகலமாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் அவன் மேடைமேல் பீன்ஸைப் பரப்பி நறுக்க ஆரம்பித்தான். விறகு வெட்டும் சத்தத்தைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் அந்த வெள்ளைத் துணி, இஸ்திரி மடிப்புக் கலையாமல். இரண்டு கையும் பின்னால். நிலையைத் தாண்டிக் காலை வைக்கவில்லை. மேனேஜர்கூடக் கதவைத் தட்டிவிட்டு வந்த ஒரு சமையலறையை ஆண்டவர், இப்போது ஒரு விரலை மடக்கி, திறந்திருந்த கதவின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

மருமகன் கத்தியைக் கீழே வைத்தான்.

மாஸ்டர் கடிகாரத்தைத் தேடுவதுபோல் சமையலறைச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவனைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"தண்ணிய உன் கண்ணு முன்னாடியே கொட்டறேன். உப்பு டப்பாவை நீயே எங்கயாவது ஒளிச்சு வெச்சுக்கோ."  தொண்டையைச் செருமினார். "லிஃப்ட்டு... நான் சமைக்கட்டுமா?"